பூஜை அறையில் ஒரு மான் தோல்

எங்கள் ஊர் எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று சொன்னால் தெரியாதவர்களே இருக்க முடியாது. முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் சமாதி அடைந்ததும் இங்கேதான். பேருக்கும் புகழுக்கும் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் தண்ணீருக்குத்தான்! சுற்றிலும் கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் மழை விழுந்தால் உண்டு, இல்லாவிட்டால் அந்த வருஷம் அவ்வளவுதான். நான் பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரம் பக்கம். வாசலைத் தாண்டினால் வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டினால் வயல் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கல்யாணமாகி இங்கே வந்தபோது திக்கென்று இருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் பொட்டல். பொட்டலை விட்டால் முள். 'இந்த முள்ளுக் காட்டில் என்னதான் இருக்கிறதோ' என்று எத்தனையோ தடவை அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அப்படிச் சொல்வதில்லை. என்னை அப்படி மாற்றியது என்ன தெரியுமா? எங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருந்த ஒரு மான் தோல்!

சென்ற தை மாதம் என் மாமனார் காலமானார். சிவ பூஜை செய்யாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவர். காலையில் குளித்து, விபூதி அணிந்து, ஒரு பலகையின் மேல் மான் தோலை விரித்து உட்கார்ந்தாரென்றால் எழுந்திருக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்தத் தோல் அவருடைய தகப்பனார் காலத்தது. அவர்களுக்குப் பூர்வீகம் வல்லநாடு பக்கம் ஒரு சிறு கிராமம். அங்கிருந்து குடும்பம் எட்டயபுரம் வந்தபோது தோலும் கூடவே வந்ததாம்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்தோம். பூஜை அறைச் சாமான்களை நானும் என் மகளும் எடுத்து வைத்தோம். அவள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தோலை வெயிலில் காயப் போட்டபோதுதான் அவள் கேட்டாள்.

"ஆச்சி, இந்த மான் எப்படிச் செத்துது?"

"தானாச் செத்த மான்ளா. கொன்னு எடுத்த தோலுல உங்க தாத்தா உக்காருவாகளா?" என்றார்கள் அத்தை.

"அப்பம் இங்க ஏன் ஓட்டை இருக்கு?"

நான் குனிந்து பார்த்தேன். முன்னங்கால் பக்கம், தோள்பட்டைக்குக் கீழே, சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு துவாரம். அடிப்பக்கம் சிவப்புத் துணி வைத்துத் தைத்திருந்தது. இத்தனை வருஷமாக அந்த அறையைக் கூட்டிப் பெருக்குகிறேன், என் கண்ணில் அது பட்டதே இல்லை. அத்தை பதில் சொல்லவில்லை. இராத்திரி படுக்கப் போகும்போது மெதுவாகச் சொன்னார்கள்: "அந்த ஒட்டு நான் தச்சதுதான். கல்யாணமான புதுசுல தச்சேன். எதுனால ஓட்டைன்னு அன்னைக்குக் கேக்கத் தோணல."

டிரங்குப் பெட்டியில் கிடைத்த காகிதம்

அதற்கு இரண்டு நாள் கழித்து அத்தையின் தம்பி மகன் வந்தான். "மாமா வச்சிருந்த மான் தோலை எனக்குக் கொடுங்க அத்தை, நானும் பூஜை பண்ணப் போறேன்" என்று கேட்டான். அத்தைக்கும் கொடுக்க மனம்தான். ஆனால் என் கணவர், "அப்பா அதற்கு ஏதோ சர்க்கார் காகிதம் வாங்கி வைத்திருந்தார்கள், பார்த்துவிட்டுச் செய்வோம்" என்றார்.

மாமாவின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தோம். அடியில், வீட்டுவரி ரசீதுகளோடு, வனத்துறை கொடுத்த உடைமைச் சான்றிதழ் இருந்தது. விஷயம் இதுதான். 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் முதல் அட்டவணையில் இருக்கும் பிராணிகளைக் கொல்லக் கூடாது என்பதோடு, தோல், கொம்பு, நகம் எதையும் வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. பழைய காலத்துப் பொருள் வைத்திருப்பவர்கள் கணக்குக் காட்டிவிட 2003-ல் மத்திய அரசு 180 நாள் அவகாசம் கொடுத்தது. மாமா எதிலும் கறாரானவர் அல்லவா? அப்போதே மனுப் போட்டு முறையாகப் பதிந்து வைத்திருக்கிறார்.

என் கணவர் விசாரித்துக்கொண்டு வந்தார். சான்றிதழ் இருந்தாலும் அந்தத் தோலை விற்கக் கூடாது. வாரிசு முறையில் வருவது ஒன்றைத் தவிர வேறு யாரும் வாங்கிக்கொள்ளக் கூடாது. அதனால் அத்தையின் தம்பி மகனுக்குக் கொடுக்க வழியில்லை. நாங்களே வைத்துக்கொள்வதானால் 90 நாளுக்குள் வனத்துறைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டாமென்றால், ஏழு வேலை நாளுக்கு முன்னதாக எழுத்து மூலம் தெரிவித்துவிட்டு ஒப்படைத்துவிடலாம். 2022-ல் செய்த சட்டத் திருத்தத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஒப்படைத்தால் பணம் காசு எதுவும் கிடையாது. பொருள் அரசாங்கத்தைச் சேர்ந்துவிடும்.

"வச்சுக்கிடலாம்னு சட்டமே சொல்லுதுல்லா? பெறவு என்ன? அவுக உக்காந்த எடம்ளா அது" என்றார்கள் அத்தை. கண்ணில் தண்ணீர் நின்றது. என் மகளோ, "கொடுத்திரணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்டது நானும் என் கணவரும்தான். வீட்டில் இரண்டு வாரம் பேச்சே சரியில்லை. கடைசியில் என் கணவர் ஒரு யோசனை சொன்னார். "தொண்ணூறு நாள் இருக்கிறது, அவசரமில்லை. அப்பா பிறந்த ஊர்ப் பக்கம்தானே வல்லநாட்டு மான் சரணாலயம்? எல்லோருமாக ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அப்புறம் அம்மா என்ன சொன்னாலும் சரி."

மாமா போனதிலிருந்து வாசற்படி இறங்காமல் இருந்தவர்கள் அத்தை. "அவுக ஊரா? வாரேன்" என்று சொன்னதே எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வல்லநாட்டுக்குப் பிரயாணம்

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொண்டு, விடியற்காலம் நாலு மணிக்கே கார் வைத்துக் கிளம்பினோம். கோவில்பட்டி, கட்டபொம்மனை 1799-ல் தூக்கிலிட்ட கயத்தாறு, அப்புறம் திருநெல்வேலி. அங்கிருந்து தூத்துக்குடி சாலையில் ஏறக்குறைய 18 கிலோ மீட்டர் போனால் வல்லநாடு. தூத்துக்குடிக்குக் குடிதண்ணீர் போவது வல்லநாட்டுப் பக்கம் ஓடும் தாமிரவருணியிலிருந்துதான். ஆற்றுப் பக்கம் வாழையும் நெல்லுமாகப் பச்சென்று இருக்கிறது. சாலையின் மறுபக்கம் திரும்பினால் தனியாக ஒரு மொட்டைக் குன்று, கல், முள், செம்மண். சரணாலயம் அந்தக் குன்றும் அதன் அடிவாரமும்தான். 1987-ல் அறிவித்தார்கள், பரப்பு 16.41 சதுர கிலோ மீட்டர்.

காரை விட்டு இறங்கியதும், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. சரணாலயம் என்றால் அடர்ந்த காடு, ஓடை, பசும்புல் என்று மனதில் ஒரு படம் இருந்ததல்லவா? இங்கே குடை விரித்தாற்போல உடை மரம், இடையிடையே விராலிச் செடி, களாப் புதர், கள்ளி. நடுவில் காய்ந்த புல். எங்கள் எட்டயபுரத்துப் பொட்டலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எங்களுடன் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் வந்தார். உள்ளூர்க்காரர். "ஆச்சி, மெதுவா வாங்க. பேசாம வாங்க. அதுக்கு மூக்கைவிடக் கண்ணுதான் கூர்மை. நாம பாக்கறதுக்கு முன்னாடி அது நம்மளைப் பார்த்திரும்" என்று சொல்லி அழைத்துப் போனார்.

முதலில் மயில்தான் கண்ணில் பட்டது. அப்புறம் ஒரு முயல் குறுக்கே ஓடிற்று. ஒரு மேட்டில் ஏறி உடை மரத்து நிழலில் உட்கார்ந்தோம். கால் மணி, அரை மணி... அத்தை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று காவலர் கையை அசைத்தார்.

கீழே திறந்த வெளியில் பெண் மான்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணினோம், பத்து இருந்தன. மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். கொம்பு கிடையாது. அவற்றுக்குச் சற்றுத் தள்ளி ஆண் மான், தனியாக! முதுகு முழுவதும் கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். தலையில் முறுக்கு முறுக்காக இரண்டு நீளக் கொம்பு. தலையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு அது நடந்த நடை இருக்கிறதே, ராஜ நடை!

"ஆமா... இந்தக் கறுப்புதான். இந்தக் கறுப்பேதான்" என்று அத்தை முணுமுணுத்தார்கள். வீட்டில் நாற்பது வருஷமாகத் தொட்டுத் தூசி தட்டிய நிறத்தை, உயிரோடு அன்றுதான் பார்க்கிறார்கள்.

பெயரிலேயே இருக்கிறது ரகசியம்

திரும்பி வரும் வழியில் காவலரைக் கேள்வி மேல் கேள்வி கேட்டோம். வந்த பிறகு புத்தகங்களும் புரட்டினேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இதைத் தமிழில் வெளிமான் என்றும் இரலை என்றும் சொல்வார்கள். முல்லை நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் இரலையைப் பாடாமல் விட்டதில்லை. ஆணுக்குக் கலை என்றும் பெண்ணுக்குப் பிணை என்றும் பெயர். நாம் மான் என்று சொன்னாலும் புள்ளிமான் ஒரு ஜாதி, இது வேறு ஜாதி. புள்ளிமானின் கொம்பு கிளை கிளையாக இருக்கும். விழுந்து மறுபடி முளைக்கும். இரலையின் கொம்புக்குக் கிளை கிடையாது. ஆயுள் முழுதும் விழாது. அந்த வகையில் இது ஆடு, மாட்டுக்குத்தான் நெருங்கிய சொந்தம். ஆண் குட்டியும் பிறக்கும்போது பழுப்பாகத்தான் இருக்கும். வயது ஏற ஏறக் கறுத்துக்கொண்டு வரும்.

ஓட்டத்தில் இதை ஜெயிக்க ஆளில்லை. மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் கூட ஓடும். எதற்கு இத்தனை வேகம்? ஒரு காலத்தில் நம் நாட்டில் சிவிங்கிப் புலி இருந்தது. அதற்கு ஈடு கொடுத்து ஓடிப் பழகிய கால்கள் இவை. 1952-ல் இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போய்விட்டது என்று அறிவித்தார்கள். (2022-ல்தான் ஆப்பிரிக்காவிலிருந்து மறுபடி கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தில் விட்டார்கள்.) துரத்துகிறவன் போய்விட்டான், ஓட்டம் மட்டும் இன்னும் இருக்கிறது!

'வெளிமான்' என்று நம் முன்னோர் பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! ஒளிந்து பிழைக்கிற பிராணி இல்லை இது. தூரத்திலிருந்தே ஆபத்தைக் கண்ணால் கண்டு, காலால் ஓடித் தப்புகிற பிராணி. அதற்கு அடர்ந்த காடு ஆகாது. பார்ப்பதற்கும் ஓடுவதற்கும் திறந்த வெளி வேண்டும். நான் எதைப் 'பொட்டல்' என்று அலுத்துக்கொண்டேனோ, அதுதான் அதற்கு வீடு, முற்றம், அடுப்படி எல்லாம்.

தமிழ்நாட்டில் இந்த மான் இயற்கையாக வாழும் இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கோடிக்கரை, சென்னை கிண்டி, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு, வல்லநாடு... அவ்வளவுதான் சொல்லத்தக்கவை. இந்தியாவிலேயே தென்கோடியில் வெளிமான் இருப்பது வல்லநாட்டில்தான். இதற்குத் தெற்கே கிடையாது. இங்கே அற்றுப்போனால், பக்கத்துக் காட்டிலிருந்து தானாக நடந்து வந்து சேர வேறு கூட்டமும் இல்லை.

விருந்தாளியாக வந்த முள்

"வேட்டையெல்லாம் இப்போ ரொம்பக் குறைஞ்சு போச்சு. இப்போ எங்களுக்கு எதிரி அது" என்று காவலர் ஒரு புதரைக் காட்டினார். வேறென்ன, சீமைக் கருவேல்தான். எங்கள் பக்கம் வேலிக்காத்தான் என்போம். வேலிக்கும் விறகுக்கும் ஆகட்டும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மரம் இது. விளாத்திகுளம், எட்டயபுரம் சுற்று வட்டாரத்தில் இதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அதனால் ஒரேயடியாகத் திட்டவும் முடியவில்லை. ஆனால் விட்ட இடமெல்லாம் பரவி, திறந்த வெளியை அடைத்து விடுகிறது. அதன் நிழலில் புல் வளருவதில்லை. காய் இனிப்பாக இருப்பதால் ஆடு, மாடு, மான் எல்லாம் தின்று, விதையைப் புழுக்கையோடு புது இடத்தில் போடுகின்றன. தன் வீட்டை அடைக்கிற விதையைத் தானே சுமந்துகொண்டு போய் விதைக்கிறது மான்! 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதும், 2022-ல் தமிழக அரசு அயல் தாவரங்களை நீக்க ஒரு கொள்கை வகுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம்.

உடை மரம் அப்படியில்லை. இந்த மண்ணுக்குச் சொந்தமானது. தள்ளித் தள்ளி நின்று, குடை போல நிழல் கொடுத்து, நடுவில் புல்லுக்கும் இடம் விடுகிறது. 'முள் என்றால் எல்லாம் முள்தானே' என்று நினைத்திருந்தேன். உறவுக்கார முள்ளும் உண்டு, ஊரைக் கெடுக்கிற முள்ளும் உண்டு என்று அன்று தெரிந்தது.

தண்ணீரும் ஒரு பெரிய கவலை. தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷத்துக்கு 650 மில்லி மீட்டர் வாக்கில்தான் மழை, அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில். மழை நாளில் அடிவாரத்துக் குட்டைகளில் நிற்கிற தண்ணீர் கோடையில் வற்றிவிடும். நாங்கள் பார்த்த குட்டையில் வெடித்த களிமண்ணும் குளம்படித் தடங்களும்தான் இருந்தன. காட்டுக்குள் சிமெண்டுத் தொட்டி கட்டித் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் இல்லையென்றால் மான் கீழே இறங்கும். கீழே நாற்கரச் சாலை. அதைத் தாண்டினால் ஊர் நாய்கள். எங்கள் எட்டயபுரம் பக்கத்துக் குருமலைக் காட்டுப் புள்ளிமான்களுக்கும் வெயில் காலத்தில் இதே ஆபத்துதான்.

பிள்ளைத்தாய்ச்சி மான்

தாய்மார்களான நமக்கு உருக்கமான விஷயம் ஒன்று. பிணை மானுக்குச் சினைக்காலம் ஆறு மாதம். ஈற்றுக்கு ஒரு குட்டிதான். பிறந்த குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிட்டுத் தாய் தள்ளிப் போய் மேயும். குட்டி மூச்சுக் காட்டாமல் கிடக்கும். தாய் பக்கத்திலேயே நின்றால் நரியும் நாயும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும் அல்லவா? பால் கொடுக்கிற நேரத்துக்கு மட்டும் வரும். இது தெரியாமல், 'ஐயோ பாவம், தாயில்லாக் குட்டி' என்று இரக்கப்பட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அது காப்பாற்றுவது ஆகாது. தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதுதான். குட்டியைக் கண்டால் தொடாமல் வந்துவிட்டு வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

அடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்த அம்மாள் ஒருத்தியிடம் பேச்சுக் கொடுத்தேன். மான் என்றதும் அவளுக்குக் கோபம் வந்தது. "நல்லாத்தான் இருக்கும் தாயி பாக்கறதுக்கு! உளுந்து போட்டா ராத்திரியோட ராத்திரியா மேஞ்சிட்டுப் போயிருது. முன்னால மலையில வெறகு பொறுக்குவோம், இப்பம் அதுவும் கூடாதுங்காக" என்று பொரிந்து தள்ளினாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஊருக்கெல்லாம் அழகாக இருக்கிற மானுக்குத் தீனி போடுகிறவள் அவள்தான். "விரட்ட மாட்டீங்களா?" என்று கேட்டேன். "வெரட்டத்தான் செய்வேன். வயித்தோட நிக்கிறதை எப்படி வெரட்ட? தின்னுட்டுப் போகட்டும்னு உக்காந்துக்கிடுவேன்" என்றாள். அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ராஜஸ்தானத்தில் பிஷ்னோய் என்று ஒரு சமூகத்தார் இருக்கிறார்கள். வெளிமானைத் தங்கள் குழந்தை போல நினைக்கிறவர்கள். 1730-ல் கேஜர்லி என்ற ஊரில் மரம் வெட்ட வந்த மன்னரின் ஆட்களைத் தடுத்து, அம்ருதா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார். அவரைத் தொடர்ந்து மொத்தம் 363 பேர் உயிர் கொடுத்தார்கள். அந்த மரம் நம் ஊர்க் கோயில்களில் இருக்கும் வன்னி மரம்தான்! அதே ராஜஸ்தானத்தில் 1998-ல் வெளிமானை வேட்டையாடிய வழக்கில், 2018-ல் ஒரு பிரபல இந்தி நடிகருக்கு ஐந்து வருஷ சிறைத் தண்டனை விதித்தார்கள். அவர் அப்பீல் செய்தார் என்றாலும், இருபது வருஷமாக அந்த வழக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பிஷ்னோய் ஜனங்கள். டீக்கடை அம்மாளைப் பார்த்தபோது அவர்கள் ஞாபகம்தான் வந்தது எனக்கு.

அத்தையின் தீர்மானம்

திரும்பி வரும்போது காரில் யாரும் அதிகம் பேசவில்லை. கயத்தாறு தாண்டியதும் அத்தை என் மகளைப் பார்த்துக் கேட்டார்கள்: "ஏளா, அந்தக் கலை மானுக்கு எங்கே ஓட்டை இருந்துது நம்ம வீட்டுல?"

"இங்க ஆச்சி" என்று அவள் தன் தோளுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள்.

அதற்குப் பிறகு ஊர் வந்து சேரும் வரை அத்தை வாய் திறக்கவில்லை.

பழைய தர்ம சாஸ்திரத்தில், கறுப்பு மான் தானாகத் திரிகிற பூமிதான் யாகத்துக்குத் தகுந்த பூமி என்று சொல்லியிருக்கிறதாம். இதை ஒரு பெரியவர் சொல்லக் கேட்டு அத்தையிடம் சொன்னேன். "அப்படின்னா உசிரோட திரியிற மானுக்குத்தான் மகிமை, தோலுக்கு இல்லைன்னு சொல்லு" என்றார்கள் உடனே. எனக்குக் கூட அப்படிச் சொல்லத் தெரிந்திருக்காது. மறுவாரம் அவர்களே என் கணவரைக் கூப்பிட்டு, "தொண்ணூறு நாள் ஆகுறதுக்கு முன்னால எழுதிக் குடுத்திரு. உங்க அப்பா காகிதத்தையும் சேத்துக் குடு. அவுக எதையும் ஒளிச்சு வச்சவுக இல்லைன்னு அவாளுக்கும் தெரியட்டும்" என்றார்கள்.

சுலபமாகச் சொல்லிவிட்டார்களே தவிர, கொடுக்கிற அன்று சுலபமாக இல்லை. தோலை மடித்து வெள்ளைத் துணியில் சுற்றினார்கள். திரும்பப் பிரித்தார்கள். தான் தைத்த சிவப்பு ஒட்டை விரலால் தடவிப் பார்த்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கொண்டு போப்பா" என்று உள்ளே போய்விட்டார்கள். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

இப்போது பூஜை அறையில் அதே பலகையின் மேல் ஒரு பத்தமடைப் பாய் விரித்திருக்கிறது. தாமிரவருணிக் கரையில் விளையும் கோரையில் பின்னியது. காலையில் அத்தை அதில் உட்கார்ந்து தேவாரம் படிக்கிறார்கள். என் மகளுக்கும் ஆச்சிக்கும் சண்டை தீர்ந்துவிட்டது. ஐப்பசி மழை நன்றாகப் பெய்தால் புல் தழைக்கும். அப்போது இன்னொரு தடவை வல்லநாடு போக வேண்டுமென்று இரண்டு பேரும் சேர்ந்து என் கணவரை இப்போதே நச்சரிக்கிறார்கள். நானோ, ஊருக்கு வெளியே போனால் உடை மரம் எது, வேலிக்காத்தான் எது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்!

நீங்களும் போவதானால்...

* வனத்துறையிடம் முன் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வல்லநாடு வழியாக பஸ் உண்டு.

* காலையில் வெயில் ஏறுவதற்கு முன், அல்லது மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு போனால்தான் மான் கண்ணில் படும். உச்சி வெயிலில் நிழலில் ஒதுங்கிவிடும்.

* பளிச்சென்ற நிறப் புடவை, சத்தம் போடும் கொலுசு, சென்ட் இவற்றைத் தவிருங்கள். முள்ளுக்குத் தாங்குகிற செருப்பு அல்லது ஷூ அவசியம். முள் ஆழமாகக் குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு வருஷக்கணக்காகிவிட்டதென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

* கட்டுச் சோற்றுக்குப் புளியோதரை, எலுமிச்சம்பழ சாதம் போதும். இலையில் மடித்துக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பை ஒன்று கூட அங்கே விழக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் உப்புக்கும் மணத்துக்கும் ஆசைப்பட்டு மான் அதைத் தின்றுவிட்டால் வயிறு அடைத்துச் செத்துப்போகும்.

* பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகும்போது நீர்மோர் கொண்டு போங்கள். வெயிலில் யாராவது சோர்ந்து போனால் நிழலில் உட்கார வைத்து, ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு (தலை தட்டி அளக்கவும்) கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிளம்புவதற்கு முன்பே தங்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

* உங்கள் வீட்டுப் பரணிலோ பூஜை அறையிலோ மான் தோல், கொம்பு, புலி நகம் ஏதாவது இருக்கிறதா? சான்றிதழ் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் மறைக்காமல் வனத்துறை அலுவலகத்தில் போய் விவரம் கேளுங்கள். யாருக்கும் விற்கவோ, இனாமாகக் கொடுக்கவோ வேண்டாம். முதல் அட்டவணைப் பிராணிகள் விஷயத்தில் மூன்று முதல் ஏழு வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. பெரியவர்கள் காலத்துப் பொருள் பேரப் பிள்ளைகளுக்கு வம்பாக முடியக் கூடாதல்லவா?